கஞ்சிக்கு ஒரு கௌரவ ஆலோசகர்

டோரதியின் வீட்டுக்கு முதல் டிபன் கேரியர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வாங்கிக்கொள்வது கொடுப்பதைவிட எவ்வளவு கஷ்டமான ஊழியம் என்பது அறுபத்திரண்டு வயதில் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடுகோடித் தமிழ்ச் சபையில் யாராவது படுக்கையில் விழுந்தால், பிள்ளை பெற்றால், வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால், அந்த வீட்டு அடுப்பு எரியக் கூடாது. பெண்கள் ஐக்கியத்தார் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவளே டோரதிதான். யார் வீட்டு ரசம் தண்ணீராக இருக்கும், யார் கொடுத்த மறுநாளே பாத்திரத்தைக் கேட்டு ஆள் அனுப்புவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தக் கேரியர் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களின் தொடக்கத்தில் அவள் கணவர் ஞானசேகரன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை செய்து, உள்ளே தகடு வைத்து, வாக்கரைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கீழே லேத் பட்டறை, மேலே இரண்டு அறை என்றிருந்த அந்த வீட்டின் மாடிப்படியை அவர் நாற்காலியோடு நான்கு பேர் தோளில் ஏறினார். மகன் டேரில் கனடாவிலிருந்து வீடியோவில் வந்து கண்ணை மூடி ஜெபம் செய்தான். அதோடு அவன் பங்கு முடிந்தது. மீதிப் பங்கை இரும்பு அறுபடும் சத்தத்துக்கு நடுவே டோரதி பார்த்துக்கொண்டாள். தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது, மாத்திரை கொடுப்பது, அவர் பேச்சைக் கேட்பது. நான்கிலும் கடைசிதான் பளு.

பளுவென்றால் டோரதிக்குப் புதிதில்லை. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை முடிந்ததும் சபையார் அறுநூறு பேருக்கும் கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்து, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம் கேட்டு, வெயிலில் காய்ந்து வருகிறவர்களுக்கு அந்தக் கஞ்சியும் பருப்புத் துவையலும் மாங்காய் ஊறுகாயும் பரலோகத்தின் முன்பணம். அந்தக் கஞ்சி இருபது வருடமாக டோரதியின் கஞ்சி. நொய்யரிசி, பாசிப்பயறு, வெந்தயம், பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். துடுப்பை வேறு யார் கையிலும் தரமாட்டாள். ஒற்றை ஆளாகக் கிளறிவிட்டு, ஈஸ்டர் காலையில் தோளில் பிளாஸ்திரியோடு கோயிலுக்கு வருவாள். அந்தப் பிளாஸ்திரி வெளியே தெரிகிற மாதிரி ஜாக்கெட் தைக்க அவளுக்கென்று ஒரு தையற்காரர் இருந்தார். பார்க்கிறவர்கள் "ஐயோ அக்கா" என்பார்கள். "இருக்கட்டும், ஆண்டவருக்காகத்தானே" என்று அவள் சொல்வாள். இப்படி வருடத்துக்கு ஒருமுறை சொல்வதில்தான் அவள் மீதி வருடத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை கேரியரோடு வந்தவள் கேரல். ஐக்கியத்தின் பொருளாளர், டோரதிக்கு இருபது வருடமாகப் பூண்டு உரித்துக் கொடுத்தவள்.

"சாம்பாரு, பீன்ஸ் பொரியல், தயிரு. அண்ணன் எப்படிக்கீறார்?"

"எப்படி இருப்பாரு. வாய்க்கு ஒண்ணும் ஆவல."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "கேரல், பீன்ஸ்ல தேங்கா போட்டிருக்கியாம்மா?"

"போட்டிருக்கேன்ணா!"

"கர்த்தர் உன்ன ஆசீர்வதிப்பாரு!"

டோரதி கேரியரின் அடுக்குகளைக் கழற்றி முகர்ந்து பார்த்தாள். பெருங்காயம் தூக்கல். சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைக் கேரல் கவனித்தாள்.

"அக்கா, ஒந்து விஷயம்," என்று கன்னடம் கலந்தாள். "கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற மாதிரி இருந்தா கோவிச்சுக்குவேன். சொல்லு."

"இந்த வருஷம் கஞ்சிய ஆஞ்சலா பாத்துக்கறேன்னு சொல்லுது."

கீழே பட்டறையில் யாரோ மிஷினை நிறுத்தினார்கள். அப்படித்தான் டோரதிக்குத் தோன்றியது. உண்மையில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எந்த ஆஞ்சலா?"

"நம்ம சபையில எத்தினி ஆஞ்சலா இருக்காங்க? வைட்ஃபீல்ட்ல வேல செய்யுதே, அதுதான். கமிட்டில அதுவா எழுந்து நின்னு, 'டோரதி ஆன்ட்டிக்கு இந்த வருஷம் ரெஸ்ட் குடுக்கலாம்'னு சொல்லிச்சு. பாஸ்டர் சரின்னுட்டாரு."

"நான் ரெஸ்ட் கேட்டனா?"

"கேக்கலதான்."

"அது வூட்ல காபியே மெஷின்ல போடுது. அரிசி களஞ்சிருக்குமா அது?"

"எனக்கு இன்னாக்கா தெரியும். வாட்ஸ்ஆப்ல குரூப் ஆரம்பிச்சுட்டுது. 'கஞ்சி டீம்'னு பேரு. படத்துல ஒரு கிண்ணம், அதுலேர்ந்து புகை வருது."

"என்ன சேக்கல."

"உங்களுக்கு ரெஸ்ட்டுக்கா."

கேரல் போனபின் டோரதி கணவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். அவர் பீன்ஸ் பொரியலை மட்டும் தனியாகக் கேட்டார். அவள் தரவில்லை. வாயு என்றாள்.

அடுத்த வாரம் ஆஞ்சலாவின் முறை. முப்பத்திமூன்று வயதுப் பெண், அலுவலகத்துக்கு முன் ஸ்கூட்டரில் வந்து, மேலே ஓடிவந்து, "ஆன்ட்டி, புளிக்குழம்பு, கத்திரிக்கா வறுவல், அங்கிளுக்குத் தனியா காரம் கம்மியா" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு ஓடினாள். டப்பாவின் மேல் ஒரு சின்னத் தாள் ஒட்டி, சுடவைக்க எவ்வளவு நேரம் என்றுகூட எழுதியிருந்தது. டோரதி அதைக் கிழித்துப் போட்டாள். புளிக்குழம்பை நாக்கில் விட்டுப் பார்த்தாள். குறை சொல்ல ஒரு குறை வேண்டுமே என்று மறுபடியும் விட்டுப் பார்த்தாள். மூன்றாவது முறை விட்டபோது ஞானசேகரன் கேட்டார்:

"எனக்கு மிச்சம் வெப்பியா?"

சாப்பிட்டு முடித்து விரலைச் சூப்பினார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவர் விரல் சூப்பி டோரதி பார்த்ததில்லை.

"காரம் கம்மி," என்றாள்.

"எனக்குன்னு கம்மியா போட்டிருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே."

"அதத்தான் நானும் சொன்னேன்."

புதன்கிழமைதோறும் சபையில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். ஞானசேகரன் வெளியே போக முடியாததால் அந்த வாரம் டோரதி வீட்டிலேயே வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், கட்டிலைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆயர் சிரில் வந்திருந்தார். வந்து ஆறு மாதமான இளைஞர், வேதாகமக் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். எபிரேயு தெரியும், கிரேக்கு தெரியும். சபைப் பெண்களின் ஜெபம் மட்டும் இன்னும் தெரியாது.

அதை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். அடுகோடியில் ஒருவரை நேரே பார்த்து வைதால் அது சண்டை. கண்ணை மூடி, கடவுளைப் பார்த்துச் சொன்னால் அது விண்ணப்பம். எதிராளி பதில் பேச முடியாது. நடுவில் "ஆமென்" வேறு சொல்லவேண்டியிருக்கும். 'சகோதரிக்கு நாவடக்கம் தாரும்' என்றால் வாயாடி என்று பொருள். 'அந்தக் குடும்பத்தைச் சந்தியும்' என்றால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று பொருள். பழகியவர்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து, அடி யார்மேல் விழுந்தது என்று பார்த்துக்கொள்வார்கள்.

டோரதியின் முறை வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அன்பும் கிருபையும் நெறஞ்ச எங்க பரம தகப்பனே, இந்தச் சாயங்கால வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். என் புருஷன எலும்பு முறிஞ்சாலும் உசிரோட வெச்சிருக்கீரே, அதுக்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்," என்றார் ஞானசேகரன் கட்டிலிலிருந்து.

"பெரிய வெள்ளி கிட்ட வருது ஆண்டவரே. கஞ்சி எம்மாம் பெரிய பாரம்னு நீர் அறிவீர், நானும் அறிவேன். எங்க சின்ன மகள் ஆஞ்சலாவ இந்த நேரத்துல உம்ம பாதத்துல வெக்கறோம். ஏசி ரூம்ல வளந்த பிள்ள ஆண்டவரே. ஆர்வக் கோளாறுல ஒத்துக்கிச்சு. அனுபவம் இல்லாத அதோட பெலவீனத்த மன்னியும். தனியா வுட்டா அடிபிடிச்சிரும் ஆண்டவரே, ஊழியத்தச் சொல்றேன். அந்த இளந்தோளு ஒத்தையா சுமக்காது. தோள் குடுக்க ஏத்த கைகள நீரே எழுப்பும். எழுப்பணும் ஆண்டவரே. கண்டிப்பா எழுப்பணும்."

கேரல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். சபைச் செயலர் டென்சில் இரண்டையும் திறந்திருந்தார். ஏத்த கைகள் எவை என்பதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆயரைத் தவிர. அவர் கண்ணில் நீர் வழிந்தது.

அடுத்தது ஆஞ்சலா. இவளும் திருப்பி அடிப்பாள் என்று டோரதி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஆஞ்சலா சொன்னது இவ்வளவுதான்: "கடவுளே, ஆன்ட்டி சொன்னது நிஜம். எனக்கு ஒண்ணும் தெரியாது. பயமா இருக்கு. ஆன்ட்டி என்ன நெனச்சு ஜெபம் பண்ணாங்க இல்ல, அதுக்கு தேங்க்ஸ். ஆமென்."

அடிக்குத் தயாராக நின்றவளின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனது போலிருந்தது. டோரதிக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. திருப்பி அடித்திருந்தாலாவது பரவாயில்லை.

குருத்தோலை ஞாயிறு. ஞானசேகரனை அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு டோரதி ஆராதனைக்குப் போனாள். அறிவிப்பு நேரத்தில் ஆயர் சிரில் மைக்கருகே வந்து, வழக்கத்துக்கு மாறாக அறிவிப்புத் தாளை மடித்து ஓரமாக வைத்தார். டோரதி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவளைத்தான் அழைக்கப்போகிறார். எழுந்து, இரண்டு முறை மறுத்துவிட்டு, மூன்றாவது முறை ஒத்துக்கொள்வதாக அவள் தீர்மானித்திருந்தாள்.

"அன்பானவர்களே, போன புதன்கிழமை ஒரு ஜெபம் என்னை உடைத்தது. நம் சகோதரி டோரதி, தன் வீட்டுக் கஷ்டத்தின் நடுவிலும், ஒரு இளம் ஊழியருக்குத் தோள் கொடுக்கக் கைகளை எழுப்பும்படி அழுது மன்றாடினார்கள்."

டோரதி அழவில்லை. அழுதவர் அவர்.

"ஒரே ஒருவர் தோளில் இத்தனை வருடம் இந்தச் சுமையை நாம் ஏற்றிவைத்திருந்தோமே என்று வெட்கப்பட்டேன். அந்த ஜெபத்துக்குச் சபை பதில் தரவேண்டும். இந்த வருடம் கஞ்சி ஒருவருடைய வேலையல்ல, எல்லோருடைய வேலை. அரிசி களைவது வாலிபர் சங்கம். பூண்டு உரிப்பது பாடகர் குழு. தேங்காய் துருவுவது கமிட்டி."

டென்சில் நிமிர்ந்து பார்த்தார். செயலரான நாளிலிருந்து அவர் மைக்கைத் தவிர எதையும் தூக்கியதில்லை.

"கிளறுவது ஆண்கள் ஐக்கியம், முறை வைத்து. பாத்திரம் கழுவுவது நானும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும். இத்தனையும் ஒருங்கிணைப்பது சகோதரி ஆஞ்சலா. இதற்கெல்லாம் காரணமான சகோதரி டோரதியை," இங்கே அவர் குரல் தழுதழுத்தது, "கஞ்சி ஊழியத்தின் கௌரவ ஆலோசகராக அறிவிக்கிறேன்."

கைதட்டினார்கள். குருத்தோலைகளை ஆட்டினார்கள். டோரதி எழுந்து கைகூப்ப வேண்டியிருந்தது. மறுக்க ஒரு முறைகூட இடம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஓலைச் சிலுவையைக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள். வைத்ததில் அது வளைந்துவிட்டது.

"இன்னா ஆச்சு?" என்றார் ஞானசேகரன்.

"கௌரவ ஆலோசகரு."

"யாரு?"

"நான்தான். கஞ்சிக்கு."

ஞானசேகரன் முகட்டைப் பார்த்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"கௌரவ ஆலோசகர்னா இன்னா வேல?"

"கேட்டா சொல்லணும்."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா இன்னா, சும்மா கெடக்கணும்."

"டோரதி, நீதானேடி தோள் குடுக்க ஆள் கேட்ட. ஆண்டவரு குடுத்துட்டாரு. கையெழுத்துக்கூட கேக்கல."

"நீங்க பேசாதீங்க. வாய்க்கு மட்டும் பிளேட் வெக்காம வுட்டுட்டாங்க ஆஸ்பத்திரில."

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். உனக்குக் கஞ்சி நல்லா வரணுமா, உன் கையால வரணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இந்த வருஷம் ரெண்டும் வேறன்னு தெரிஞ்சுட்டா இன்னாடி பண்ணுவ?"

அதுதான் அவள் பயமே. அடிபிடித்துவிடும் என்று அவள் கவலைப்படவில்லை. அடிபிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் நெஞ்சை அரித்தது. எல்லாரும் சேர்ந்து சுலபமாகச் செய்துவிடக்கூடிய ஒரு வேலைக்கா இருபது வருடம் தோளில் பிளாஸ்திரி ஒட்டினாள்?

பரிசுத்த வாரம் முழுக்க அவள் தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். ஆலோசனை கேட்டு ஒருவரும் அழைக்கவில்லை. வியாழக்கிழமை ஆஞ்சலா மட்டும் அழைத்தாள். டோரதி இரண்டு முறை மணி அடிக்கவிட்டு எடுத்தாள்.

"ஆன்ட்டி, அங்கிள கூட்டிட்டு வர கார் சொல்லியிருக்கேன். படி எறக்க வாலிபர் சங்கத்து ஷெர்வினும் இன்னும் ரெண்டு பசங்களும் வருவாங்க. நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆவாதீங்க."

"கஞ்சிக்கு ஒண்ணும் கேக்கணுமா?"

"இல்ல ஆன்ட்டி, எல்லாம் செட்."

பெரிய வெள்ளி. டோரதி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, கணவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தாள். இருபது வருடத்தில் மூன்று மணி நேர ஆராதனையை உள்ளேயிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. வழக்கமாகக் கொட்டகைக்குப் பக்கத்திலிருக்கும் ஒலிபெருக்கியில், கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே பாதிதான் விழும். இப்போது முழுதும் விழுந்தது. பாதியே போதுமாயிருந்தது என்று தெரிந்தது.

முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றி. பேசியவர் நீளமாகப் பேசினார். டோரதி மூக்கால் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெந்தய வாசனை வந்தது. சரியான நேரத்துக்கு வந்தது. இரண்டாம் வார்த்தையில் பயறு வேகிற மணம். மூன்றாவதில், நான்காவதில், தீய்கிற நாற்றம் வருமா வருமா என்று காத்திருந்தாள். வெளியே மேகம் மூடி, மின்விசிறிகள் வெந்நீரைக் கலக்குவது போல் சுற்றின. ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. பிரசங்கியார் வாயைத் திறந்ததும் டோரதிக்குத் தாகம் எடுத்தது.

"தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்றாள் கணவர் காதில்.

"போய்ட்டு வா ஆலோசகரே," என்றார் அவர்.

கொட்டகையில் நாற்பது பேர் இருந்தார்கள். அவளுடைய காலத்தில் அவளும் கேரலும் தண்ணீர் தூக்க ஒரு ஆளும்தான். மூன்று அண்டாக்களில் கஞ்சி மெதுவாகக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. ஆண்கள் முறை மாற்றி முறை துடுப்புப் போட்டார்கள். ஒருவருக்குக் கை கடுத்தால் அடுத்தவர் கேட்காமலே வாங்கிக்கொண்டார். டென்சில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூக்கு நுனியில் தேங்காய்ப் பூவோடு, துருவலைத் துருவுமணையின் இரண்டு பக்கமும் சிந்திக்கொண்டிருந்தார். அவரைப் பாடகர் குழுப் பெண்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

"செயலரே, தேங்காவ துருவச் சொன்னா ஓட்டையும் சேத்துத் துருவறீங்களே!"

"நார்ச்சத்தும்மா. உடம்புக்கு நல்லது."

"மினிட்ஸ்ல எழுதிக்கோங்க."

சிரித்தார்கள், குரலைத் தாழ்த்தி, உள்ளே ஆராதனை நடக்கிறது என்ற நினைவோடு. ஆஞ்சலா தலையில் துணி கட்டி, அண்டாவுக்கு அண்டா போய், கரண்டியில் எடுத்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாததைக் கேரலிடம் கேட்டாள். கேரல் சொன்னாள், கையை நீட்டி நீட்டி, குரலில் ஒரு அதிகாரத்தோடு. இருபது வருடம் பூண்டு உரித்தவளுக்கு இவ்வளவு தெரியும் என்று டோரதிக்குத் தெரியாது. அவள் கேட்டதேயில்லை.

அந்த நாற்பது பேரில் ஒருவரும் டோரதியைப் பார்க்கவில்லை. சுடுதண்ணீர்க் குடத்தோடு வந்த ஒருவன்தான், "ஓரமா நில்லுங்கம்மா, மேல பட்டுரும்," என்றான்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். ஆறாம் வார்த்தை, எல்லாம் முடிந்ததைப் பற்றியது, ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி குடிச்சியா?" என்றார் ஞானசேகரன்.

"ம்."

"எப்படி இருக்கு தண்ணி?"

அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மூன்று மணி. மணியடிக்காமல், பாட்டில்லாமல், சனங்கள் மௌனமாக வெளியே வந்து வேப்பமரத்தடியில் வரிசை கட்டினார்கள். ஷெர்வின் ஞானசேகரனைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்து வரிசையின் முன்னால் நிறுத்தினான். டோரதி பக்கத்தில் நின்றாள். ஆஞ்சலா முதல் கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேரே அவளிடம் வந்தாள். முகம் வேர்த்து, கண் பூண்டிலும் புகையிலும் சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, நீங்க ருசி பாத்துச் சொன்னாத்தான் ஊத்துவோம்."

கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது. துடுப்புகள் நின்றன. டென்சில் மைக்கைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்துவிட்டார்.

டோரதி ஊதி, ஒரு வாய் குடித்தாள்.

அவ்வளவுதான், அவள் பயந்தது நடந்துவிட்டது. கஞ்சி நன்றாக இருந்தது. பயறு மலர்ந்து, ஆனால் கரையாமல். பூண்டு வாயில் வைத்ததும் கரைந்தது. வெந்தயம் கசக்காமல் மணத்தது. அவளுடைய கஞ்சியில் எப்போதும் அடியில் ஒரு லேசான தீய்ந்த வாடை இருக்கும். ஒற்றை ஆள் கிளறினால் அப்படித்தான். அதையே சனங்கள் விறகடுப்பு மணம் என்று புகழ்ந்து பழகியிருந்தார்கள். இதில் அது இல்லை. உப்பு, எடை போட்டு வைத்த மாதிரி.

"உப்பு கம்மி," என்றாள் டோரதி.

சொல்லிவிட்டாள். வாய் அவளைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

"இன்னாக்கா, நான் பாத்தேனே?" என்றாள் கேரல். "சரியாத்தானே இருந்துச்சு?"

"சூட்டுல தெரியாது. ஒரு கை கம்மி."

ஆஞ்சலாவின் முகம் விழுந்தது. டோரதி அதைப் பார்த்தாள். ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்ததையும், மறுகணமே அந்தக் குளிர்ச்சி நிற்காமல் போனதையும் உணர்ந்தாள்.

"ஆன்ட்டி சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்," என்றாள் ஆஞ்சலா. கல்லுப்பு ஜாடியை எடுத்துவந்து நீட்டினாள். "நீங்களே போட்ருங்க. உங்க கைக்குத்தான் அளவு தெரியும்."

டோரதி ஜாடிக்குள் கையை விட்டாள். வேறு என்ன செய்வது. கை நிறைய அள்ளிக்கொண்டு முதல் அண்டாவின் அருகே போனாள். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு கை போட்டால் போதும், கரித்துவிடும். இந்த அண்டாவில் குடிக்கிற இருநூறு பேரும் முகம் சுளிப்பார்கள். ஆளாளுக்குக் கைபோட்டால் இப்படித்தான் என்பார்கள். அடுத்த வருடம் துடுப்பு அவள் கைக்கு வந்துவிடும். அவளே உப்புப் போட்டதைக்கூட மறந்துவிடுவார்கள். இருபது வருடத்துப் பேர் அவளுக்கு இருக்கிறது.

வரிசையில் முன்னால் ஒரு சின்னப்பெண் காலி டம்ளரை வாயில் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பட்டினி. அதற்குப் பின்னால், அவளுக்குத் தெரிந்த அத்தனை முகங்களும் பட்டினி.

டோரதி மூடிய கையை ஆவிக்குள் நீட்டினாள். அண்டாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள், வழக்கமாகப் போடுகிற மாதிரியே, மணிக்கட்டைத் திருப்பி. விரல்கள் திறக்கவில்லை. அடுத்த அண்டா, அதற்கும் ஒரு வட்டம். மூன்றாவது. பிறகு இடது கையால் துடுப்பை வாங்கி ஒரு கிளறு கிளறிவிட்டு, "இப்ப ஊத்துங்க," என்றாள்.

"நம் கௌரவ ஆலோசகர் அவர்களின் கைபட்டுவிட்டது!" என்று டென்சில் மைக்கில் முழங்கினார். தேங்காய்ப் பூ இன்னும் மூக்கிலேயே இருந்தது.

ஆண்கள் ஐக்கியத்துப் பெரியவர் ஒருவர் கரண்டியில் எடுத்துக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அதான் பார்த்தேன். இப்பத்தான் கஞ்சி கஞ்சியாச்சு. ஒரு சிட்டிகையில எத்தினி வித்தியாசம்!"

"அக்கா கை அக்கா கைதான்," என்றாள் கேரல், தோற்றுப்போன குரலில்.

கல்லுப்பு உள்ளங்கையில் குத்தியது. வெள்ளைச் சேலை. எங்கே போடுவது? தலைப்பில் முடியலாமா, கொட்டகைக்குப் பின்னால் போகலாமா என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆயர் நடுவில் வந்துவிட்டார். கழுவவேண்டிய பாத்திரங்கள் காத்திருக்கிற உற்சாகம் அவருக்கு.

"அன்பானவர்களே, இந்தக் கஞ்சி பல கைகள் சேர்ந்து செய்தது. ஸ்தோத்திரம் சொல்லுமுன் எல்லோரும் கைகோத்துக்கொள்வோமா?"

அவள் சக்கர நாற்காலிப் பக்கம் திரும்பியதும் இடது கையை ஞானசேகரன் பிடித்துக்கொண்டார். வலதுபக்கம் ஆஞ்சலா நின்றாள்.

டோரதியின் வலதுகை முட்டி மூடியபடியே இருந்தது. ஆஞ்சலா அதைப் பிடித்தாள். திறக்கவில்லை. ஆன்ட்டிக்கு அழுகை வருகிறது போலும் என்று நினைத்தவள் மாதிரி, விரல் விரலாக மெல்லப் பிரித்து, தன் விரல்களைக் கோத்தாள்.

ஜெபம் தொடங்கியிருந்தது. எல்லோர் கண்களும் மூடியிருந்தன. டோரதியின் கண்கள் மூடவில்லை. அதனால் ஆஞ்சலாவின் கண் திறந்ததை அவள் மட்டுமே பார்த்தாள். ஆஞ்சலா முதலில் கோத்த கைகளைப் பார்த்தாள். பிறகு அண்டாவை. பிறகு டோரதியை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வேர்வையில் உப்பு நசநசத்தது. ஒரு கல் நழுவிக் கீழே விழுந்தது.

இப்போது கையை உதறுவாள், என்று டோரதி காத்திருந்தாள். உதறி, கேரலைக் கூப்பிட்டுக் காட்டுவாள். காட்டட்டும். அறுநூறு பேர் முன்னால் சண்டை போட்டுவிடலாம். அழுதுவிடலாம். எதையாவது செய்துவிடலாம்.

ஆஞ்சலா கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் கீழே விழாதபடி கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ஆமென்" வந்தபோது கொஞ்சம் உரக்கவே சொன்னாள். பிறகு உப்பை முழுதும் தன் கைக்கு வாங்கிக்கொண்டு, கொட்டகை மூலையிலிருந்த குழாயடிக்குப் போய், கழுவிவிட்டு, கையை முன்துணியில் துடைத்தபடி திரும்பி வந்து கரண்டியை எடுத்தாள். கேரல் ஏதோ கேட்டாள். ஆஞ்சலா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். கேரல் டோரதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியானால் சொன்னது வேறு ஏதோ.

கஞ்சி வந்தது. ஞானசேகரன் உறிஞ்சிக் குடித்தார்.

"டோரதி, உண்மையச் சொல்லு. இது உன் கஞ்சிய வுட நல்லாத்தானே இருக்கு?"

"பரவால்ல."

"உப்பு போட்டியே, நல்ல வேள. இல்லன்னா இன்னா ஆயிருக்கும்."

அவள் தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சியை விட்டுக்கொடுத்திருக்கலாம், துடுப்பைக்கூட விட்டுக்கொடுத்திருக்கலாம். ஆனால் கண்டும் காணாமல் போகிற இந்தப் பெருந்தன்மையும் அல்லவா அந்தப் பெண்ணுக்கே போய்விட்டது. அதில் பங்கு கேட்க எந்த ஜெபமும் அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னொரு கிண்ணம் வாங்கியா," என்றார் ஞானசேகரன். "தொவையலும் கேளு."

டோரதி காலிக் கிண்ணத்தோடு எழுந்தாள். பழக்கதோஷத்தில் கால் கொட்டகைக்குள் திரும்பியது. நிறுத்திக்கொண்டு, வரிசையின் கடைசிக்குப் போனாள். இருபது வருடத்தில் அந்த வரிசை எவ்வளவு நீளம், எவ்வளவு மெதுவாக நகரும் என்பது அவளுக்குத் தெரிந்ததில்லை. முன்னால் நின்றவர்கள் "அக்கா, நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டார்கள். "வேணாம், நில்லுங்க" என்று சொல்லி நின்றாள். வேப்பமரத்தில் முதல் மழைத்துளிகள் விழ ஆரம்பித்தன. வரிசை கலைந்து நெருக்கியடித்துக்கொண்டு கூரைக்குள் வந்தது. அவளையும் தள்ளிக்கொண்டு வந்து அண்டாவின் முன் நிறுத்தியது.

ஆஞ்சலா நிமிர்ந்து பார்க்காமல் ஒரு கரண்டி ஊற்றினாள். பிறகு கையை அடையாளம் கண்டுகொண்டு நிமிர்ந்தாள்.

"போதுமா ஆன்ட்டி?"

டோரதி கிண்ணத்தைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள்.